ரிவர்ஸ் கியரும் இரண்டு விநாடியும்

காரை முன்னால் ஓட்டத் தெரிந்த எல்லோரும் பின்னால் எடுப்பதிலும் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல முடியாது. முன்னால் போகும்போது கண் எதிரே அகலமான கண்ணாடி. பின்னால் வரும்போது கையளவுக் கண்ணாடி மூன்று, அவ்வளவுதான். அந்த மூன்றிலும் தெரியாத இடம் ஒன்று எந்தக் காருக்கும் உண்டு. பம்பருக்குப் பின்னால், தரையை ஒட்டி. அங்கே ஒரு செங்கல் கிடந்தால் டயருக்குத்தான் சேதம். ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால்....?

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. இரும்பு கேட், உள்ளே ஒரு கார் நிற்கும் அளவுக்கு சிமென்ட் தரை, ஓரத்தில் ஒரு முருங்கை மரம். கார் வீட்டைப் பார்த்து நிற்கும். வெளியே எடுக்க வேண்டுமென்றால் ரிவர்ஸ்தான். வீட்டுப் பெரியவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக வண்டி ஓட்டியும் ஒருவர் மீதும் இடித்தது கிடையாது. ஆனால் இரண்டு வருடமாகக் கழுத்து எலும்புத் தேய்மானம். தலையை முழுதாகத் திருப்ப முடியாது. கண்ணாடியை மட்டும் பார்த்தே வண்டியைப் பின்னால் எடுத்துக் கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை அப்படி எடுக்கும்போது பின்னால் 'மடமட'வென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், பேத்தியின் மூன்று சக்கர சைக்கிள் பின்சக்கரத்துக்கு அடியில் நொறுங்கிக் கிடக்கிறது. பேத்திக்கு இரண்டரை வயது. அந்த நேரம் அவள் உள்ளே ஆச்சியின் மடியில் உட்கார்ந்து இட்லி தின்று கொண்டிருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெரியவர் சாவியைக் கொண்டு போய் ஃபிரிட்ஜ் மேலே வைத்தவர், அப்புறம் அதை எடுக்கவே இல்லை.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம் படிக்கும் மகனுக்கு அம்மாவின் போன் மூலம்தான் விஷயம் தெரிந்தது. "உங்கப்பா ஒரு மாசமா காரையே தொட மாட்டேங்காவ. ராத்திரியில எழுந்து உக்காந்துக்கிடுதாவ" என்றார் அம்மா. சைக்கிள் உடைந்ததற்கு இவ்வளவா என்று அவனுக்கு முதலில் தோன்றியது. அப்பா ராத்திரியில் எழுந்து உட்கார்வது சைக்கிளுக்காக இல்லை என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது.

ஒரு குழந்தையின் பெயரில் ஒரு சட்டம்

அந்த வீட்டில் நடக்காதது வேறு வீடுகளில் நடந்திருக்கிறது. 2002-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டில், ஒரு குழந்தைகள் மருத்துவர் தன் வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்தார். அவருடைய இரண்டு வயது மகன் கேமரூன் பின்னால் நின்றது அவருக்குத் தெரியவில்லை. குழந்தை இறந்து போனான். அந்தத் தந்தையும் இன்னும் பல பெற்றோரும் வருடக்கணக்கில் அலைந்த பிறகு, 2008-ல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2014-ல் முடிவாகின. 2018 மே 1 முதல் அமெரிக்காவில் விற்பனைக்குத் தயாராகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்புறம் காட்டும் கேமரா கட்டாயம் ஆனது.

அந்த விதியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, காருக்குப் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள இடம் திரையில் தெரிய வேண்டும். இரண்டு, ரிவர்ஸ் கியர் போட்ட 2 விநாடிக்குள் படம் வந்துவிட வேண்டும். இந்த இரண்டு விநாடி பின்னால் முக்கியமாகப் போகிறது!

2014-ல் விதியை வெளியிட்டபோது அமெரிக்க அரசு ஒரு கணக்கும் சொன்னது. அந்த நாட்டில் இப்படி வண்டி பின்னால் வரும்போது அடிபட்டு வருடத்துக்கு சராசரியாக 210 பேர் இறக்கிறார்கள். அவர்களில் 31 சதவீதம் பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 26 சதவீதம் பேர் 70 வயதைத் தாண்டியவர்கள். ஆக பாதிக்கு மேல் குழந்தைகளும் கிழவர்களும். சட்டென்று விலகத் தெரியாதவர்களும் விலக முடியாதவர்களும்.

இந்தியாவில் 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயம். பாளையங்கோட்டை வீட்டுக் கார் அதற்கு முந்தியது. சென்சாரும் இல்லை, கேமராவும் இல்லை. தனியாக வாங்கி ஒயர் இழுத்து மாட்டினால்தான் உண்டு. தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகும் முன் மகன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று சுற்றினான். கேமரா, சின்னத் திரை, ஆறு மீட்டர் வீடியோ ஒயர், எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டி. பேரம் பேசி வாங்கி பைக்குள் போட்டுக் கொண்டான்.

முதல் நாள் வேலை

படித்தவனுக்கு இது பெரிய வித்தை இல்லை. ரிவர்ஸ் கியர் போட்டால் கியர் பாக்ஸில் உள்ள ஒரு ஸ்விட்ச் மூடும். உடனே பின்னால் உள்ள வெள்ளை விளக்குக்கு 12 வோல்ட் போகும். அந்த விளக்கின் பாசிட்டிவ் ஒயரில் இருந்து ஒரு கிளை எடுத்து கேமராவுக்குக் கொடுத்தால், ரிவர்ஸ் போடும்போது மட்டும் கேமரா உயிர் பெறும். கறுப்பு ஒயர் காரின் உடம்புக்கு, அதாவது எர்த்துக்கு. வீடியோ ஒயரின் மஞ்சள் முனை கேமராவில் இருந்து திரைக்கு. அந்த வீடியோ ஒயரோடு ஒட்டியபடி ஒரு மெல்லிய சிவப்புக் கம்பியும் வரும். ரிவர்ஸ் விழுந்த செய்தியைத் திரைக்குச் சொல்வது அதுதான். பலர் அதை வேண்டாத கம்பி என்று விட்டுவிட்டு, திரை ஏன் தானாக மாறவில்லை என்று தலையைச் சொறிவார்கள்.

மின்சாரச் சுமையும் பெரிதில்லை. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். இந்தக் கேமராவுக்கு 0.1 ஆம்பியர் போதும். ரிவர்ஸ் விளக்கின் சர்க்யூட்டுக்கு அது கொசுக்கடி.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டான். நம்பர் பிளேட்டுக்கு மேலே, பின்கதவில் கேமரா. அந்தக் கதவு மேல்நோக்கித் திறக்கும் ஹேட்ச்பேக் கதவு. ஒயர் அதிலிருந்து காரின் உடம்புக்குள் வர வேண்டும். கம்பெனி ஒயர்கள் எல்லாம் கீல் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் போகின்றன. அதற்குள் நுழைக்க அரை மணி நேரம் முயன்றான். முடியவில்லை. கதவின் ஓரமாக வெளியிலேயே விட்டுவிட்டான். இணைப்புகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினான். எர்த்துக்குக் கைக்கு எட்டிய ஒரு திருகு கிடைத்தது. ஃபியூஸா? 0.1 ஆம்பியருக்கு எதற்கு ஃபியூஸ்!

ரிவர்ஸ் போட்டதும் படம் வந்தது. இடதும் வலதும் மாறித் தெரிந்தன. பெட்டியில் இருந்த தாளில் சொன்னபடி ஒரு சின்ன வளையக் கம்பியை வெட்டியதும் கண்ணாடியில் பார்ப்பது போல சரியாகிவிட்டது. குடும்பமே வந்து பார்த்தது. பேத்தி பின்னால் ஆச்சியின் கையைப் பிடித்து நின்று கையாட்ட, உள்ளே தாத்தா அதைத் திரையில் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு சாவி ஃபிரிட்ஜ் மேலே இருந்து இறங்கியது.

மூன்றாம் நாள்

இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. பெரியவர் கடைக்குப் போனார், கோயிலுக்குப் போனார். பின்கதவு பத்துப் பதினைந்து முறையாவது திறந்து மூடியிருக்கும். கழுத்து வலிக்காமல் வண்டியைப் பின்னால் எடுக்க முடிகிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டார். கண்ணாடிகளைப் பார்ப்பதைக் கூட விட்டுவிட்டார். அதை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம். கார் பாதி தூரம் பின்னால் வந்திருக்கும்போது திரை கறுத்தது. கார் உடனே நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் உருண்டு வந்துதான் நின்றது. மகன் ஓடிப் போய்ப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. பேத்தி வாசற்படியில்தான் இருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அப்பாவின் கை நடுங்கிக் கொண்டிருந்தது.

"படம் போயிட்டுலே. இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு நெனச்சே கொஞ்ச தூரம் விட்டுட்டேன்" என்றார்.

மகனுக்குப் பதில் வரவில்லை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்பது நடக்கிற வேகம். அந்த வேகத்தில் கூட 2 விநாடியில் கார் 2.8 மீட்டர் போய்விடும். ஒரு சின்னக் காரின் நீளத்தில் முக்கால் பங்கு. படத்துக்காகக் காத்திருக்கும் இரண்டு விநாடி அப்பாவுக்கு ஒன்றுமே இல்லாத நேரம். பின்னால் நிற்கும் குழந்தைக்கு அது முழு ஆயுள்.

கேமரா இல்லாத காலத்தில் அப்பா பயந்து பயந்து எடுத்தார். பயம் அவரை மெதுவாக்கி வைத்திருந்தது. கேமரா வந்ததும் அந்தப் பயம் போனது. இப்போது கேமராவும் போனால்? பத்து நாளில் ஒன்பது நாள் வேலை செய்யும் கேமரா, கேமராவே இல்லாததை விட மோசம். பத்தாவது நாள் அதை நம்பித்தான் மனிதர் பின்னால் வருகிறார்.

அண்ணாச்சி பார்த்த பார்வை

மறுநாள் காலையில் வண்டியை பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரிஷியன் அண்ணாச்சியிடம் கொண்டு போனான். அவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். கையில் ஒரு பழைய மல்டிமீட்டர். பானெட்டைத் திறந்து வைத்தார். சாவியை 'ஆன்' வரைக்கும் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஹேண்ட் பிரேக் போட்டு, ரிவர்ஸ் கியரில் விட்டார். மீட்டரின் ஒரு முனையை நீளமான ஒயர் வைத்து பேட்டரியின் நெகடிவில் பிடித்தார். இன்னொரு முனையைக் கேமராவின் கறுப்பு ஒயரில் வைத்தார்.

"தம்பி, எர்த்து சரியா இருந்தா இங்க என்ன காட்டணும்?"

"சைபர் அண்ணாச்சி. கிட்டத்தட்ட சைபர்."

"மூணு வோல்ட் காட்டுதே!"

அவன் எர்த் என்று நினைத்து ஒயரைச் சுற்றிய திருகு, பெயின்ட் அடித்த தகட்டில் அரைகுறையாக ஏறியிருந்தது. பெயின்ட் மின்சாரத்தை விடாது. திருகின் ஓரத்தில் எங்கேயோ கொஞ்சம் உரசி நின்றதில்தான் இரண்டு நாள் ஓடியிருக்கிறது. கேமராவுக்குப் போக வேண்டிய 12 வோல்ட்டில் மூன்று அங்கேயே தின்று போயிற்று.

அதோடு முடியவில்லை. அண்ணாச்சி பின்கதவை மெதுவாக மேலே தூக்கிக் கொண்டே, "திரையைப் பாரு" என்றார். பாதி உயரத்தில் படம் போனது. கொஞ்சம் இறக்கினார். வந்தது. மறுபடி தூக்கினார். போனது. கதவின் ஓரத்தில் வெளியே விட்ட ஒயர் ஒவ்வொரு முறை மூடும்போதும் நசுங்கி, மேலே தோல் அப்படியே இருக்க, உள்ளே செம்பு இழைகள் முக்கால்வாசி அறுந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாத முறிவு.

"ஃபியூஸ் எங்க தம்பி?"

"கேமரா கொஞ்சம்தான் இழுக்கும் அண்ணாச்சி, அதான்..."

"கேமரா இழுக்கறதுக்கா ஃபியூஸு? இந்த ஒயர் நசுங்கி பாடியில தொட்டா என்ன இழுக்கும்?"

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஃபியூஸ் கருவிக்காக இல்லை, ஒயருக்காக. ரிவர்ஸ் விளக்கு சர்க்யூட்டின் ஃபியூஸ் கார் கம்பெனி போட்ட தடித்த ஒயருக்குக் கணக்கிட்டது. கேமராவின் நூல் போன்ற ஒயர் ஷார்ட் ஆனால், அந்த ஃபியூஸ் போவதற்கு முன்பே மெல்லிய ஒயர் சூடாகி உருகலாம். கிளை எடுக்கும் இடத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டால் அந்தக் கவலை இல்லை. பரீட்சையில் இதைக் கேட்டிருந்தால் அவன் இரண்டு பக்கம் எழுதியிருப்பான்!

இரண்டாம் முறை

இந்த முறை முழு நாள் ஆனது. முதலில் பேட்டரியின் நெகடிவ் கழன்றது. ரப்பர் குழாயின் இரண்டு முனையையும் எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, கட்டுக்கம்பியை முதலில் நுழைத்து, அதன் நுனியில் ஒயரைக் கட்டி இழுத்ததும் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. கதவு முழுதாகத் திறக்கும்போது இறுகாதபடி உள்ளே கொஞ்சம் தளர்வு விட்டான். இணைப்புகளை சால்டரிங் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டான். இன்சுலேஷன் டேப்பின் பசை திருநெல்வேலி வெயிலில் வழிந்துவிடும் என்பது அண்ணாச்சி சொன்ன பாடம். எர்த்துக்குக் காரின் உடம்பில் ஒரு போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, வளைய முனை போட்டு இறுக்கினான். வீடியோ ஒயர் கதவுப் படியின் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில், சீட் தண்டவாளத்திலும் சீட் பெல்ட்டிலும் சிக்காதபடி முன்னால் போனது. பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களில் தூண்களுக்குள் ஒயர் விடவே கூடாது என்றும் அண்ணாச்சி எச்சரித்தார். பை விரியும் வழியில் ஒயர் குறுக்கே நிற்கக் கூடாது.

இன்னொன்றும் சொன்னார். இது பழைய கார், விளக்குக்கு நேராக 12 வோல்ட் வருகிறது. சில புதிய கார்களில் கம்ப்யூட்டர் அந்த மின்சாரத்தை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பும். அங்கே கேமராவை விளக்கு ஒயரில் நேராக மாட்டினால் படம் ஆடும், கோடு ஓடும். ரிலே வைத்துத் தனியாக மின்சாரம் எடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து மீட்டர் வைத்துப் பார்த்தான். எர்த் ஒயரில் சைபருக்குப் பக்கம். பின்கதவை முப்பது முறை தூக்கி இறக்கினான். படம் ஒரு தடவை கூட அசையவில்லை.

குடம் வைத்த பரீட்சை

வேலை முடிந்ததும் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. சமையலறையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்து வந்தான். ஒரு ஸ்டூல் மேல் வைத்தால் பேத்தியின் உயரம். தரையில் வைத்தால் பேத்தி உட்கார்ந்திருக்கும் உயரம். பம்பரில் இருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று சாக்பீஸ் கோடு போட்டு, ஒவ்வொரு இடமாகக் குடத்தை வைத்து, அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான்.

"தெரியுதாப்பா?"

"தெரியுது. ரொம்பத் தள்ளித்தான இருக்கு?"

"இல்லப்பா. ஒரு மீட்டர்தான்."

அகலமாகக் காட்டும் லென்ஸ் எல்லாவற்றையும் சின்னதாகவும் தள்ளியும் காட்டும். திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளும் அந்தக் காரை அளந்து போட்டவை இல்லை, பெட்டியிலேயே வருபவை. கேமராவின் கோணத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து, சிவப்புக் கோடு அரை மீட்டர் சாக்பீஸ் கோட்டின் மேல் விழும்படி வைத்தார்கள். அப்புறம் குடத்தைப் பின்சக்கரத்தின் பக்கவாட்டில், பம்பரின் மூலையில் வைத்தான்.

"இப்ப?"

பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரையில் வெறும் சிமென்ட் தரை.

"எங்கலே வச்சிருக்க?"

இறங்கி வந்து பார்த்தார். குடம் பின்சக்கரத்தில் இருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டு நின்றார். பிறகு குனிந்து, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக் கொண்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். வண்டியை எடுக்கும் முன் பெரியவர் காரை ஒரு முறை முழுதாகச் சுற்றி வருவார். பேத்தி வாசற்படியில், யாராவது ஒருவரின் கையைப் பிடித்து நிற்க வேண்டும். அவள் அங்கே நிற்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் சாவி திரும்பும். பிறகு கண்ணாடிகள், பிறகு திரை.

மகன் சென்னைக்குக் கிளம்பிய அன்று ஐப்பசி மழை. அவனை ஜங்ஷனில் விட அப்பாதான் காரை எடுத்தார். ரிவர்ஸ் போட்டதும் படம் உடனே வந்தது. ஆனால் லென்ஸ் மேல் மழைத்துளி விழுந்து எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. கார் ஓர் அடி கூட நகரவில்லை. பெரியவர் பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொண்டு மழையில் இறங்கினார்.

"நான் துடைக்கேன்பா" என்று மகன் கதவைத் திறந்தான்.

"நீ இரு. நாளைக்கு நீயா வந்து துடைக்கப் போற?"

நனைந்தபடி பின்னால் போய், லென்ஸைத் துடைத்து, அப்படியே காரை இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். ரயிலுக்கு நேரம் இருந்தது.

கேமரா மாட்ட நினைக்கும் நண்பர்கள் நல்ல எர்த், ஒரு ஃபியூஸ், ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர், இந்த மூன்றையும் மறக்க வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு, வண்டி ஓட்டப் போகிறவரிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். படம் போனால் காத்திருக்க வேண்டாம். பிரேக்!